டிலே, ரிவர்ப் இல்லாமல் வாசிக்கவே வரவில்லை: இது பழக்கமா, கையின் குறையா?

ஆறாம்தந்தி

எல்லோருக்கும் வணக்கம். எலெக்ட்ரிக் கிடார் வாசிக்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. போன வாரம் ஒத்திகையில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாதி ஒத்திகையில், ஒலியை மாற்றும் பெடல்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி அணைந்துவிட்டது. என்ன செய்தும் உயிர் வரவில்லை. மற்றவர்களைக் காக்க வைக்க மனமில்லாமல் கிடாரிலிருந்து ஒற்றைக் கேபிளை நேராக ஆம்பில் சொருகினேன். அந்த ஆம்பில் ரிவர்ப் (பெரிய அறையில் வாசிப்பது போல ஒலியை நீட்டும் எபெக்ட்) கிடையாது. கெயினை, அதாவது ஒலியை முறுக்கும் அளவை, மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன்.

அடுத்த பாட்டில் எனக்கு ஒரு சின்ன லீட். மெதுவான பாட்டு, மொத்தமே பதினொரு நோட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது தந்தியில் 7-ம் பிரெட்டில், தந்தியை வளைத்துச் சுருதியை ஏற்றும் ஒரு முழு டோன் பெண்ட். அதைப் பிடித்து நிறுத்தி, மெல்ல இறக்கி, இரண்டாவது தந்திக்குப் போக வேண்டும். பெண்டை ஏற்றினேன், சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. அடுத்த நோட்டுக்கு விரல் கிளம்பிய கணமே முந்தைய நோட் அறுந்து விழுந்தது. ஒவ்வொரு நோட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளங்களில் மற்ற தந்திகள் முனகுவது கேட்டது. எட்டு வருடமாக அந்தப் பள்ளங்கள் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. நோட்டை 400 மில்லி நொடி கழித்துத் திருப்பிச் சொல்லும் டிலேயும் ஒரு பெரிய ஹால் ரிவர்பும் அவற்றின் மேல் பாலம் போட்டு வைத்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கடைசியாக எப்போது இரண்டும் இல்லாமல் வாசித்தேன்? நினைவே இல்லை. பெடலை ஆன் செய்துவிட்டுத்தான் சுருதியே சேர்க்கிறேன்.

கேட்க விரும்புவது இது. டிலேயையும் ரிவர்பையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்க வேண்டுமா? அவை என் ஒலியின் ஒரு பகுதி என்று இத்தனை நாள் நம்பியது தப்பா? இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவால்வு

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் கற்றுக்கொடுக்கிறேன். இதைப் போல ஒரு நாளைச் சந்தித்த மாணவர்கள் நிறையப் பேர். நீங்கள் பள்ளம் என்று சொன்ன இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் அதிலேயே கொஞ்சம் நிற்கிறேன்.

பிக் தந்தியில் படும் கணத்தை எல்லோரும் பழகுகிறோம். ஸ்வரம் முடியும் கணத்தைப் பழகுவதில்லை. ரிவர்ப் போட்டு வாசிக்கும்போது ஸ்வரத்தை முடிக்கும் பொறுப்பு பெடலுக்குப் போய்விடுகிறது. விரலுக்கு அங்கே வேலை இல்லை, அதனால் விரல் சீக்கிரமே கிளம்பக் கற்றுக்கொள்கிறது. சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். காது தண்டிக்காத தப்பைக் கை திருத்திக்கொள்ளாது, அவ்வளவுதான். நம்மிடம் கார்வை என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு ஸ்வரத்தை எத்தனை மாத்திரை நிறுத்துகிறோமோ, அத்தனை மாத்திரையும் அது உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் இடது கைக்குக் கார்வை மறந்துபோயிருக்கிறது.

மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். நான்காவது தந்தி, 5-ம் பிரெட். ஒன்றில் மீட்டி, நான்கு எண்ணும் வரை அழுத்தம் குறையாமல் பிடியுங்கள். அடுத்த ஒன்றில் 7-ம் பிரெட். முதல் ஸ்வரம் முடிவதும் இரண்டாவது தொடங்குவதும் ஒரே கணமாக இருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. கேட்க ரொம்பச் சுலபம். ஐந்து நிமிடம் செய்து பாருங்கள், முன்கை வலிக்கும்.

பெண்டுக்கு இன்னொன்று. மூன்றாவது தந்தியில் முதலில் 9-ம் பிரெட்டை வாசித்து அதன் சுருதியைக் காதில் வாங்குங்கள். பிறகு 7-லிருந்து ஏற்றி அதே இடத்துக்கு வாருங்கள். சுருதி வந்து சேரும் வரை வைப்ராட்டோ (சுருதியை அசைப்பது) வேண்டாம். பலரும் சேராத சுருதியை வைப்ராட்டோவில் கரைத்துவிடுகிறார்கள்.

என் ஆலோசனை: ஒரு மாதம் இரண்டு பெடலையும் பெட்டியில் போட்டு மூடுங்கள்.

மிதக்கும்மேகம்

பழையவால்வு அண்ணா சொன்ன பயிற்சிகளில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும். "எபெக்ட் இல்லாமல் வாசிப்பதுதான் உண்மையான வாசிப்பு, அந்தக் கால ஜாம்பவான்கள் எல்லாம் அப்படித்தான்" என்று யாராவது சொல்லுவார்கள். அது நடந்த வரலாறு இல்லை.

எலெக்ட்ரிக் கிடார் பிரபலமான நாளிலிருந்தே எதிரொலியும் கூடவே வந்திருக்கிறது. 1950-களில் சன் ஸ்டுடியோவில் சாம் பிலிப்ஸ் டேப் இயந்திரங்களைக் கொண்டு உருவாக்கிய ஸ்லாப்பேக் என்ற குறுகிய எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் பதிவு முனையைத் தாண்டி ஒலி முனைக்கு வந்து சேர எடுக்கும் நேரம்தான் அந்த எதிரொலி. எல்விஸின் கிடாரிஸ்ட் ஸ்காட்டி மூர் அதை மேடைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று டேப் எக்கோ உள்ளேயே இருக்கும் எக்கோசோனிக் என்ற ஆம்பை வாங்கினார். கிடாரிஸ்ட் டுவேன் எடியின் பதிவுகளுக்கு பீனிக்ஸில் ஒரு காலித் தண்ணீர்த் தொட்டியையே எதிரொலி அறையாக மாற்றினார்கள். உள்ளே ஒரு பக்கம் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் மைக்! 1957-ல் வந்த இஎம்டி 140 பிளேட் ரிவர்ப் 250 கிலோவுக்கு மேல் எடை. சட்டத்தில் தொங்கும் ஒரு பெரிய எஃகுத் தகடு. பழைய ரெக்கார்டில் "சுத்தமாக" இருக்கிறது என்று நாம் நினைக்கிற பல கிடார்கள் இப்படி ஏதாவது ஓர் அறையையோ தகட்டையோ கடந்து வந்தவைதான்.

1961-ல் ஃபெண்டர் தனி ஸ்பிரிங் ரிவர்ப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1963-ல் அந்த ரிவர்ப் வைப்ரோவெர்ப் ஆம்புக்குள்ளேயே வந்துவிட்டது. டிக் டேல் மாதிரியான சர்ஃப் இசைக் கிடாரிஸ்ட்களின் வாசிப்பில் தந்தியை உள்ளங்கையால் அடக்கி வேகமாக வெட்டி வெட்டி மீட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிங் தண்ணீர் சொட்டுகிற மாதிரி பதில் சொல்லும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் அந்த வலது கை உத்திக்கே பாதி அர்த்தம் போய்விடும். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோருக்கு பின்சன் எக்கோரெக், யு2-வின் தி எட்ஜுக்கு மெமரி மேன், இரண்டுமே டிலே கருவிகள். இவர்கள் டிலேயை மேலே தூவவில்லை. டிலே என்ன திருப்பித் தரும் என்று கணக்குப் போட்டு, அது வாசிக்கும் இடத்தைக் காலியாக விட்டு வாசித்தார்கள்.

ஆறாம்தந்தி நண்பரே, உங்கள் ஒலி உங்கள் ஒலிதான். ஒரு மாதம் மூடி வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசிக்க உட்காரும் ஆசையே அந்த ஒலியிலிருந்துதான் வருகிறது என்றால், அதை வெட்டிவிட்டுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இடதுகை

நான் ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம்தான் ஆகுது, தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. ராத்திரியில ஹெட்ஃபோன் போட்டு, கம்ப்யூட்டர்ல ஆம்ப் சாப்ட்வேர் வச்சுத்தான் வாசிக்கிறேன். ரிவர்ப்பை ஆஃப் பண்ணா தாங்கவே முடியல. அட்டைப்பெட்டிக்குள்ள உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கு, மண்டைக்குள்ளேயே தந்தி அறுந்து விழுது. எனக்கும் இந்தப் பழக்கம் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு. ஆனா வகுப்புல ஆசிரியரோட ஆம்ப்ல எந்த எபெக்டும் இல்லாம வாசிச்சப்ப நல்லாத்தான் இருந்தது. ஏன் இப்படி?

மிக்ஸர்மேசை

இடதுகை, பயப்படாதீர்கள். உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.

மேடை ஒலி பார்ப்பது என் தொழில். வாசிப்பதும் உண்டு, ஆனால் நாள் முழுக்க மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பதுதான் வேலை. உங்கள் ஆசிரியரின் ஆம்ப் ஓர் அறைக்குள் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். சுவர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப நான்கு மீட்டர், அதாவது சுமார் 12 மில்லி நொடி. இன்னொரு சுவரிலிருந்து இன்னொன்று, கூரையிலிருந்து ஒன்று, தரையிலிருந்து ஒன்று. இவ்வளவு சீக்கிரம் வரும் எதிரொலிகளைக் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை, மூல ஒலியோடு சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் 1949-ல் ஆராய்ந்து எழுதியது இதைத்தான். அந்த அறைதான் உங்களுக்கு "நல்லா இருந்தது" என்று கேட்டது.

ஹெட்ஃபோனில் அறையே இல்லை. ஸ்பீக்கருக்கு நேராக விரற்கடை தூரத்தில் மைக் வைத்து எடுத்த ஒலி நேரே காதுக்குள் வருகிறது. வாழ்க்கையில் யாரும் ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிவைத்துக் கிடார் கேட்பதில்லை. அதனால் ஹெட்ஃபோனில் ஒரு சின்ன அறை ரிவர்ப், அரை நொடிக்குள் தேய்ந்து மறைகிற மாதிரி, கேட்டும் கேட்காத அளவில் போட்டுக்கொள்ளுங்கள். பறிபோன அறையைத் திருப்பி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். நான்கு நொடி நீளும் ஹால் வேறு விஷயம். அது நோட்டின் முடிவை மூடிவிடும்.

ஆறாம்தந்திக்கு என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை வாராவாரம் பார்க்கிறேன். வீட்டில் அமைத்த ரிவர்ப் வீட்டுக்குத்தான் பொருந்தும். அரங்கத்துக்கு என்று சொந்த ரிவர்ப் இருக்கிறது. பின்சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தாலே 100 மில்லி நொடியில் ஓர் எதிரொலி தானாக வந்துவிடும். அதன் மேல் உங்கள் பெடலின் ஹால், அதன் மேல் டிலே. நீங்கள் மேடையில் ஆம்புக்கு இரண்டடி தூரத்தில் நிற்பதால் உங்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். பத்தாவது வரிசையில் இருப்பவருக்குப் பனிமூட்டம்தான் வந்து சேரும். லீட் கேட்கவில்லை என்று யாராவது சைகை காட்டினால் கிடாரிஸ்ட் வால்யூமை ஏற்றுவார். நோட்டோடு சேர்ந்து பனியும் ஏறும். என் மேசையில் ரிவர்பைக் கூட்ட ஒரு குமிழ் இருக்கிறது. கலந்து வந்துவிட்டதைப் பிரித்து எடுக்க எந்தக் குமிழும் இல்லை.

எனக்கு வரும் நல்ல கிடார் ஒலிகளில் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறேன். ரிவர்பின் அடிப்பகுதியை 200 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டியிருப்பார்கள், மேற்பகுதியையும் மழுக்கியிருப்பார்கள். ப்ரீ-டிலே 40, 50 மில்லி நொடி இருக்கும். பிக் அடித்த ஒலி முதலில் தனியாக முன்னால் வந்துவிட்டு, பின்னாலேயே ரிவர்ப் திறக்கும். ஒரே மிக்ஸ் அளவில் (மூல ஒலியோடு எபெக்டைக் கலக்கும் விகிதத்தில்) அந்த 50 மில்லி நொடி மட்டும் தெளிவை எவ்வளவு மாற்றுகிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

மெட்ரோனோம்80

டிலேயையும் ரிவர்பையும் எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். பழக்கம் என்று வந்தால் இரண்டும் எதிரெதிர் ஆட்கள். ரிவர்ப் மன்னிக்கும். தாளத்தோடு கட்டிய டிலே மன்னிக்கவே மன்னிக்காது.

110 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 110 அடி, வைத்துக்கொள்வோம். ஓர் அடி 545 மில்லி நொடி. அதில் முக்கால் பங்கு 409. எட்ஜ் பாணி டாட்டட் எயிட்த் என்பது இந்த எண்தான். அடியை நாலு மாத்திரையாகப் பிரித்தால் நீங்கள் வாசிப்பது ஒன்றிலும் மூன்றிலும். மூன்று மாத்திரை கழித்துத் திரும்புவதால் டிலே விழுவது நான்கிலும் இரண்டிலும். நீங்கள் வாசிக்க வேண்டிய இரண்டு இடத்தை நீங்களும், மீதி இரண்டு இடத்தைப் பெட்டியும் நிரப்புகிறீர்கள். கேட்பவருக்கு இடைவெளியே இல்லாத தகதிமி.

இப்போது ஒரு நோட்டை 20 மில்லி நொடி அவசரப்பட்டு வாசியுங்கள். சரியாக 136 மில்லி நொடி இருக்க வேண்டிய இடைவெளிகளில் ஒன்று 116 ஆகும், அடுத்தது 156 ஆகும். நொண்டுவது காதில் தெளிவாக விழும். அதோடு விடாது, 409 மில்லி நொடி கழித்து அதே நொண்டல் பெட்டியிலிருந்தும் வரும். ஒரு தப்பை இரண்டு முறை கேட்பீர்கள்.

அதனால் என் யோசனை பழையவால்வு சொன்னதற்கு நேர் எதிர். ரிவர்பை முழுக்க அணையுங்கள். டிலேயை அணைக்காமல் அதையே வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். ஃபீட்பேக்கைக் குறைத்து ஒரே ஒரு திரும்பல், மிக்ஸ் உங்கள் நோட்டுக்குச் சமமாக. ஒரே தந்தி, ஒரே பிரெட், மெட்ரோனோமோடு ஐந்து நிமிடம். நொண்டாமல் வந்தால் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு டிலேயை மட்டும் நம்பி வாசியுங்கள். வேகம் தவறினால் ஒரு அடிக்குள் தெரிந்துவிடும்.

மறைக்கிற டிலே எது தெரியுமா? பாட்டின் வேகத்தோடு ஒட்டாமல், நான்கைந்து திரும்பல், மங்கலான தொனி, மிக்ஸ் பாதி. ஆறாம்தந்தி, உங்கள் 400 மில்லி நொடி அந்தப் பாட்டின் வேகத்துக்குக் கணக்கிட்டதா, எல்லாப் பாட்டுக்கும் அதேதானா?

ஆறாம்தந்தி

எல்லாப் பாட்டுக்கும் அதேதான். அந்தக் கேள்வியை எனக்கு நானே ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

பழையவால்வு

மெட்ரோனோம்80 சொன்ன டிலே பயிற்சியை ஏற்றுக்கொள்கிறேன். நான் இரண்டையும் ஒரே கூடையில் போட்டது சரியில்லை.

மேகம், நீங்கள் சொன்ன வரலாறும் சரி. ஆனால் நீங்கள் பெயர் சொன்ன அத்தனை பேரும் ஸ்வரத்தை முடிக்கத் தெரிந்தவர்கள். சர்ஃப் வாசிப்பில் ஸ்பிரிங் சொட்டுகிறது என்றால், உள்ளங்கை தந்தியை அந்தக் கணத்தில் கச்சிதமாக அடக்கியதால்தான் சொட்டுகிறது. அடக்காமல் வழவழவென்று விட்டால் வெறும் இரைச்சல். எபெக்டுக்குள் போகும் ஸ்வரம் எப்படி இருக்கிறதோ அதைத்தான் எபெக்ட் பெரிதாக்கிக் காட்டும். ஒரு மாதம் என்பது நீளமென்றால் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் முதலில் கிடார் எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். அப்போதுதான் காது புதிதாக இருக்கும். எபெக்ட் நிறைந்த ஈர ஒலியில் அரை மணி நேரம் ஊறிய காதுக்குப் பிறகு எது கேட்டாலும் எலும்பாகத்தான் தெரியும்.

மிதக்கும்மேகம்

அந்தக் கடைசி விஷயம் எனக்கும் நடப்பதுதான். மிக்ஸ் 20 சதவீதத்தில் ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் 45-க்கு வந்திருப்பேன், எப்போது திருப்பினேன் என்றே தெரியாது. காது பழகப் பழக இன்னும் கேட்கும். அதனால் இப்போதெல்லாம் ரிவர்ப் அளவைக் காலையில், வாசிப்பதற்கு முன்னால் அமைத்துவிட்டு, பிறகு குமிழைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இதில் அண்ணா பக்கம்தான் நானும்.

ஆறாம்தந்தி

பதினைந்து நாள் ஆகிவிட்டது. சொன்னபடி செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

ஒரு மாதம் மூடி வைக்க என்னால் முடியாது என்று எனக்கே தெரிந்தது. அதனால் தினமும் முதல் இருபது நிமிடம் எதுவும் இல்லாமல், அடுத்த பத்து நிமிடம் டிலே மட்டும் வைத்து ஒற்றை நோட் பயிற்சி, பிறகு எப்படி வேண்டுமானாலும்.

முதல் நாள் அந்தப் பதினொரு நோட்டை போனில் பதிவு செய்தேன். கேட்டபோது நெஞ்சு கனத்துவிட்டது. எட்டு வருடம். நான்காம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். பெண்டை இறக்கும்போது என் மோதிர விரல் தந்தியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அழுத்தம் குறைய ஆரம்பிக்கிறது. கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தேன். சுருதி கீழே வந்து சேர்வதற்குள் விரல் பிரெட்டின் மேல் வெறுமனே சாய்ந்திருக்கிறது. ரிவர்ப் இருந்தால் இறங்கி முடிந்த மாதிரியே கேட்கும். இல்லாவிட்டால் பாதி வழியில் ஒரு சின்ன "பஸ்" சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இறங்கி 7-ம் பிரெட்டின் சொந்தச் சுருதிக்கு வந்த பிறகும் ஒரு மாத்திரை அழுத்தியே பிடித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது தந்திக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பள்ளங்களில் பாதி அதோடு போய்விட்டது.

மற்ற பாதி, தந்திகள் முனகுவது. ஆள்காட்டி விரலின் நுனியைப் பக்கத்துத் தந்தியில் லேசாகத் தொட்டபடி வைப்பது இன்னும் முழுதாகக் கைவரவில்லை. பெண்ட் செய்யும்போது மறந்துபோகிறது.

டிலே பயிற்சியில் எனக்கு வேறு விதமான அதிர்ச்சி. தாளம் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். நோட் வாசிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறேன். நோட்டுக்கு நடுவில் ஒரு அடி சும்மா இருக்க வேண்டிய இடத்தில்தான் அவசரப்படுகிறேன். மௌனத்தை எண்ணுவதே இல்லை. அந்த இடத்தை எப்போதும் எதிரொலி நிரப்பிக்கொண்டிருந்ததால் எண்ண வேண்டிய தேவையே வரவில்லை போல.

இன்னொரு சந்தேகம். டிஸ்டார்ஷன் ஏற்றினால் டிலே குழம்பிவிடுகிறது. மிக்ஸைக் குறைத்தால் காணாமல் போகிறது, கூட்டினால் கூச்சல். நடுவே எங்கும் நிற்கவில்லை. டிலே பெடலுக்குப் பிறகு ஆம்பின் கெயினை உபயோகிக்கிறேன்.

மிக்ஸர்மேசை

காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். டிலே முன்னால், டிஸ்டார்ஷன் பின்னால். டிஸ்டார்ஷன் என்பது சின்ன ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். படிப்படியாகத் தேய வேண்டிய திரும்பல்கள் அதற்குள் போனால் தேயாமல் உங்கள் புது நோட்டின் உயரத்துக்கே வந்து நிற்கும். போதாததற்குப் பழைய நோட்டும் புது நோட்டும் ஒன்றாக நசுங்கி, இரண்டிலும் இல்லாத சுருதிகளும் முளைக்கும்.

ஆம்பின் பின்பக்கம் எபெக்ட்ஸ் லூப் இருந்தால் டிலே, ரிவர்ப் இரண்டையும் அங்கே மாற்றுங்கள். கெயின் வேலை முடிந்த பிறகுதான் எதிரொலி தொடங்கும். லூப் இல்லாவிட்டால் ஆம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, டிஸ்டார்ஷனைப் பெடலில் எடுத்து, டிலேயை அதற்குப் பின்னால் வையுங்கள். டேப் எக்கோ காலத்தில் நேராக ஆம்பின் முன்னால்தானே சொருகினார்கள் என்று கேட்கலாம். அந்த ஆம்புகளில் கெயின் குறைவு, மிதமாக நசுங்கினால் ஒரு தனி அழகு உண்டு. இன்றைய ஹை கெயினுக்கு அது ஒத்துவராது.

பழையவால்வு

"மௌனத்தை எண்ணுவதே இல்லை" என்று எழுதினீர்களே தம்பி, அதைக் கண்டுபிடிக்க எனக்கு உங்களை விட ரொம்ப வருடம் ஆனது. அந்த இடத்தை விடாதீர்கள். வாசிக்காத அடியில் காலைத் தட்டுங்கள்.

கெயினைப் பற்றியும் ஒரு வார்த்தை. எபெக்ட் இல்லாமல் போனதும் கெயினை ஏற்றினேன் என்று முதல் பதிவில் சொன்னீர்கள். ஊன்றுகோலை மாற்றிக்கொண்டீர்கள். கெயினும் ஸ்வரத்தை நீட்டித்துக் கொடுக்கும், பிக் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் சமப்படுத்திவிடும். அந்த இருபது நிமிடத்தைச் சுத்தமான ஒலியில் செய்யுங்கள்.

இடதுகை

மிக்ஸர்மேசை அண்ணா சொன்ன மாதிரி அறை ரிவர்ப் 0.4 நொடி வச்சேன். ஹெட்ஃபோன்ல இப்ப உட்கார முடியுது. நோட் எங்க முடியுதுன்னும் கேக்குது. ரொம்ப நன்றி. கண்ணாடி முன்னாடி உட்கார்ற யோசனையையும் எடுத்துக்கிட்டேன், என் சுண்டுவிரல் எங்கேயோ பறக்குது.

மிதக்கும்மேகம்

ஆறாம்தந்தி, எதுவும் இல்லாமல் வாசித்ததில் உங்கள் பாட்டுகள் எதற்காவது டிலே உண்மையிலேயே தேவை என்று தெரிந்ததா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பதினைந்து நாளில் கை சரியாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எந்த இடத்தில் எபெக்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே இருபது நிமிடத்தில்தான் தெரியும் என்பது என் அனுபவம்.

ஆறாம்தந்தி

தெரிந்தது. எங்கள் பாட்டுகளில் ஒன்றின் தொடக்கம் முழுக்க டிலேயின் மேல் கட்டியது. அதை எபெக்ட் இல்லாமல் வாசித்தால் நான்கு நோட் தனித்தனியாக நிற்கிறது, அதில் இசை எதுவும் இல்லை. முதலில் அதுவும் என் குறை என்று நினைத்து வருத்தப்பட்டேன். இப்போது அதற்கு 92 பிபிஎம் கணக்கில் 489 மில்லி நொடி வைத்து, திரும்பல் விழும் இடங்களில் கையை எடுத்துவிட்டு வாசிக்கிறேன். மூன்று வருடமாக வாசிக்கிற பாட்டு, எங்கள் டிரம்மரின் ஹை-ஹாட்டும் டிலேயும் ஒன்றோடொன்று பின்னுவது இப்போதுதான் காதில் விழுகிறது.

அந்த லீட் வேறு கதை. அதில் டிலே தேவையே இல்லை, எடுத்துவிட்டேன். ரிவர்பையும் முதல் பத்து நோட்டுக்கு அணைத்தே வைக்கிறேன். கடைசி நோட் நான்கு அடி நிற்கும். அதை மீட்டி, வைப்ராட்டோ இல்லாமல் இரண்டு அடி பிடித்து, மூன்றாவது அடியில் வைப்ராட்டோவைத் தொடங்கும்போது ரிவர்ப் பெடலை மிதிக்கிறேன். நேற்று ஒத்திகையில் ஆறு முறை வாசித்ததில் நான்கு முறை சரியாக வந்தது. இரண்டு முறை கால் முந்திவிட்டது. கையும் காலும் ஒரே அடியில் வேறு வேறு வேலை செய்வது இன்னும் பழகவில்லை. பாட்டின் அடுத்த வரி தொடங்கும்போது பெடலை அணைத்தால் ரிவர்பின் வால் பட்டென்று வெட்டுப்படுகிறது, அது ஒன்றுதான் உறுத்துகிறது.

மிதக்கும்மேகம்

நண்பரே, மூன்றாவது அடியில் மிதிப்பது அருமையான இடம். நோட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மிதிப்பதால் பிக் பட்ட "டக்" ரிவர்புக்குள் போகாது. நாதம் மட்டும் உள்ளே போய்ப் பெருகும், அதனால் வீணையை விட்டு வயலின் எடுத்த மாதிரி ஒரு திறப்பு வரும்.

வால் வெட்டுப்படுவதற்கு, உங்கள் பெடலில் டிரெயில்ஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் வெளியே தெரியாது, பின்மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னதாக இருக்கும். சிலவற்றில் பெடலை மிதித்துக்கொண்டே மின்சாரத்தை இணைத்தால் மாறும். கையேட்டில் போட்டிருப்பார்கள். அதை ஆன் செய்துவிட்டால், நீங்கள் அணைத்த பிறகும் ஏற்கனவே உள்ளே போனது தானாகத் தேய்ந்து முடியும், புதிதாக வாசிப்பது மட்டும் உள்ளே போகாது. அடுத்த வரியின் முதல் நோட் சுத்தமாக வெளியே வரும், பழைய நோட் அதன் பின்னால் மெல்ல அடங்கும்.

ஆறாம்தந்தி

இருக்கிறது. பின்மூடிக்குள், பேட்டரி இடத்துக்குப் பக்கத்தில். மாற்றிவிட்டேன், இன்று மாலை ஒத்திகையில் வாசித்துப் பார்க்கிறேன்.